அழைப்பது அருளம்பலம்

சாய்ந்தமருதில் பஸ்மிலாவின் சமையல்கட்டுக்குப் போன் எடுக்கிற எவரும் பேர் சொல்வதில்லை. பேர் சொன்னால் தான் அந்நியன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. "நான்தான் கதைக்கன்" என்பார்கள், அவ்வளவுதான். "ஆர் நீங்க?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தாள். "என்னயே தெரியாமப் பெய்த்தா?" என்று தொடங்கி, அவளுடைய வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை வரை ஓடி, கடைசியில் அந்த ஆள் சொல்ல வந்த கலியாணத்துச் சாப்பாடு வேறு சமையல்காரரிடம் போய்விடும். சாப்பாடு என்றால் சும்மா சாப்பாடு இல்லை, சகன். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் உண்கிற பிரியாணி. அந்தக் கிழக்கிலங்கைக் கரையில் ஒரு கலியாண வீட்டின் மானம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

ஆகவே பஸ்மிலா போன்ற ஒருத்திக்குப் போன் திரையில் விழுகிற பேர்தான் பிழைப்பு. இதைத் தெரிந்துகொண்டுதான் கீழ்க்கரைத் தொலைபேசிக் கூட்டுத்தாபனம் அவளுக்கு 'வர்த்தகத் தொலைபேசித் தொகுதி' என்ற ஒன்றைத் தலையில் கட்டியது. ஒரு பெட்டி, மூன்று போன். ஒன்று முன் ஹோலில், ஒன்று அடுப்படியில், ஒன்று புருசன் சப்ரி அரிசி அடுக்குகிற பின்னறையில். 'அழைப்பவரை நாங்கள் அறிவோம்' என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், இரண்டு மாதம் அறிந்தார்கள். வாய் திறக்கமுதல் "சொல்லுங்க ஹாஜியார்" என்று பஸ்மிலா சொல்ல, ஹாஜியார்மார் குளிர்ந்துபோனார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உலகம் முழுவதும் அருளம்பலம் ஆகிவிட்டது.

அரிசி ஆலைக்காரர் எடுத்தார். திரையில் 'அருளம்பலம், பாண்டிருப்பு'. ஆட்டுக்காரர் எடுத்தார், அருளம்பலம், பாண்டிருப்பு. பின்னறையிலிருந்து சப்ரி "உப்பு முடிஞ்சிட்டு" என்று சொல்ல எடுத்தான், அவனும் அருளம்பலம். பஸ்மிலாவின் சொந்த உம்மாவே அருளம்பலமாக வந்து, "மகள், குளிசை போட்டயா?" என்று கேட்டார். இவள் வெளியே எடுத்தாலும் அதே கூத்துத்தான். மறுபக்கத்தில் அருளம்பலத்தின் பேரும் நம்பரும் விழுந்தன. எடுக்கத் தவறியவர்கள் திருப்பி எடுத்தபோது அது நேரே பாண்டிருப்பு அருளம்பலத்தின் வீட்டில் போய் அடித்தது.

மூன்றாம் நாள் அந்த மனிதரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாவிதன்வெளி நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்துநாலு வருசம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒற்றை றூல் கொப்பி. பிறந்ததிலிருந்து இறைச்சி தொட்டதில்லை.

"மகள், இருபத்திமூண்டு பேர் எனக்கு எடுத்துப் பிரியாணி கேட்டுட்டாங்க" என்றார். "பிழையான நம்பர் எண்டு வெச்சிருக்கலாம். ஆனா ஒரு ஆள் ஒண்டைக் கேட்டா அதை எழுதாம விட எனக்கு மனம் வராது. பேர், விலாசம், திகதி, நேரம் எல்லாம் கிடக்கு. கோழியா ஆடா எண்டும் கேட்டு எழுதியிரிக்கன். கேக்கக்குள்ள வாய் கூசினதான், என்ன செய்ற?"

"பேர் கேக்கக்குள்ள ஆக்கள் கோவிக்கல்லயா ஐயா?"

"கோவிச்சாங்க. அடையாள அட்டை இலக்கமும் கேட்டன், மறுகா அடங்கிட்டாங்க."

அன்றிலிருந்து அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் கொப்பியோடு வந்தார். பஸ்மிலா தேத்தண்ணி கொடுத்தாள். இப்படியே சமாளித்திருக்கலாம். அடுத்த வாரத்துத் திங்கட்கிழமைதான் எல்லாம் கவிழ்ந்தது.

பத்து மணி இருக்கும். வெங்காயம் வதங்குகிறது, அகப்பை சட்டியில் இடிக்கிறது, அடுப்படிப் போன் அலறுகிறது. எடுத்தால் ஒரு கரகரத்த ஆண்குரல்.

"நான்தான் கதைக்கன். வெள்ளிக்குச் சொன்ன கலியாணச் சாப்பாட்ட வியாழனுக்கு மாத்திக்கங்க. ஊருக்குள்ள இதக் கதைக்க வேணாம்."

டொக் என்று வைத்தாயிற்று. திரையைப் பார்த்தாள். அருளம்பலம், பாண்டிருப்பு.

அந்த வெள்ளிக்கு அவள் இரண்டு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தாள். சாய்ந்தமருதிலேயே ஒன்று, அறுபது சகன். அட்டாளைச்சேனையில் ஒன்று, எண்பது சகன். எது வியாழனுக்கு மாறியது? படைச்சவனுக்குத்தான் வெளிச்சம். போய்க் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைப்பது லேசு. திகதி மாறாத வீட்டில் போய் "உங்கட கலியாணத் திகதி மாறினதா?" என்று கேட்டுப் பாருங்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குள் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டும். பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்குள் அது மாப்பிள்ளையின் காதுக்கே போய், அவனும் ஓடத்தான் வேண்டுமாக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். ஒரு குமரின் வாழ்க்கையில் மண் போட்ட பாவம் பஸ்மிலாவுக்கு வேண்டாம். ஊகத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினாலோ, ஒரு வீட்டில் சோற்றுக்கு ஆளில்லை, மற்ற வீட்டில் நானூறு ஐந்நூறு பேர் கையைக் கழுவிவிட்டு வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு வருசமாக அடுப்புப் புகையில் கண்ணெரிந்து சேர்த்த பேர் அன்றோடு சரி.

சப்ரியை உளவு பார்க்க அனுப்பினாள். அவன் இரண்டு ஊருக்கும் போய்விட்டு வந்தான். "ரெண்டு வீட்டிலயும் பந்தலுக்குக் கம்பு நட்டிரிக்கு. ரெண்டு வீட்டிலயும் தேத்தண்ணி தந்தாங்க" என்றான். அவனுடைய உளவு அத்தோடு முடிந்தது.

அன்று பகலே பஸ்மிலா பர்தாவைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் பஸ் ஏறினாள். கூட்டுத்தாபனத்தின் பிராந்திய அலுவலகத்தில், 'வாடிக்கையாளரே எசமானர்' என்ற பலகைக்குக் கீழே, எசமானர்கள் இருக்க ஒரு கதிரையும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு கருமபீடத்தில் இருந்த உசாந்தினி அவளுடைய நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"சொல்லுங்க மிஸ்டர் அருளம்பலம்."

"நான் பஸ்மிலா, தங்கச்சி. அதுதானே முறைப்பாடே."

உசாந்தினி பஸ்மிலாவை ஒருமுறை பார்த்தாள், திரையை ஒருமுறை பார்த்தாள். யாரை நம்புவது என்பதில் அவளுக்குக் குழப்பம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "இஞ்ச அருளம்பலம் எண்டுதான் கிடக்கு, அக்கா. அவர் வந்து முறைப்பாடு தந்தா எடுக்கலாம்."

"இண்டைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஆர் எடுத்த எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உசாந்தினி தட்டினாள். "அருளம்பலம் அருளம்பலத்துக்கு எடுத்திரிக்கார். இருபது செக்கன் கதைச்சிரிக்கார்."

"ஒரு மனிசன் தனக்குத்தானே போன் எடுப்பானா புள்ள?"

"அது அவர்ட சொந்த விசயம் அக்கா. வாடிக்கையாளர்ட அந்தரங்கத்தில நாங்க தலையிடுற இல்ல."

சரி, எழுத்தில் தருகிறேன், படிவம் தா என்றாள் பஸ்மிலா. முறைப்பாட்டுப் படிவம் என்று ஒன்று அந்த அலுவலகத்தில் இல்லை. பிழை நடக்காத நிறுவனத்துக்கு அது எதற்கு என்று தலைமையகம் அச்சடிக்காமலே விட்டுவிட்டது. இருந்தது பாராட்டுப் படிவம் மட்டும். 'உங்கள் சேவையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது' என்று அச்சடித்த இடத்துக்கு நேரே 'போனில் பேர் பிழையாக விழுகிறது' என்று பஸ்மிலா எழுதிக்கொடுத்தாள். அது பாராட்டு இலக்கம் முந்நூற்றுப் பதினேழு என்று பதிவானது. கூடவே, தான் அருளம்பலம் அல்ல என்பதற்குக் கிராம சேவகரின் கடிதமும், அருளம்பலம் நேரில் வரவும் வேண்டும், புதன் இரண்டு மணிக்கு முகாமையாளர் விசாரிப்பார் என்று துண்டு கொடுத்தார்கள்.

வெளியே வரும்போது படிக்கட்டில் கிசோக் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வருசமாகக் கம்பத்தில் ஏறி இறங்குகிற தொழில்நுட்பக்காரர். அவளுடைய வீட்டில் பெட்டியைப் பொருத்தியவரும் அவர்தான்.

"அக்கா, விசயம் சின்னது. பட்டியல்ல முதலாவதா எந்தப் பேர் நிக்குதோ அதையே எல்லாருக்கும் காட்டுது. உங்கட பக்கத்துப் பட்டியல்ல ஆகப் பழைய இணைப்பு முன்னுக்கு. அந்த ஐயா எண்பத்தாறாம் ஆண்டு போன் எடுத்தவர். ஒரு இடத்தில மாத்தினாச் சரி, கால் மணித்தியால வேலை."

"அப்ப மாத்துங்களன் தம்பி!"

"பிழை எண்டு ஒண்டு இருந்தாத்தானே மாத்தலாம்? முகாமையாளர் இன்னும் அதை அங்கீகரிக்கல்ல. இல்லாத பிழைய ஏன் திருத்தினாய் எண்டு எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்."

பஸ்மிலாவுக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல வந்தது. அழுதால் அதற்கும் பாராட்டுப் படிவம் நிரப்பச் சொல்வார்களோ என்ற பயத்தில் பஸ்ஸுக்குப் போனாள்.

கிராம சேவகர் செவ்வாய் முழுக்க யோசித்தார். ஒருவர் இன்னார் என்று ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறார், இன்னார் இல்லை என்று எழுதியதில்லை. கடைசியில் எழுதினார்: 'மேற்படி பஸ்மிலா என்பவர் அருளம்பலமாக இருந்ததாக இப்பிரிவில் இதுவரை எவ்வித முறைப்பாடும் கிடைக்கவில்லை.' முத்திரையும் குத்தினார்.

புதன் இரண்டு மணி. பிராந்திய முகாமையாளர் ஸிராஜின் அறையில் குளிரூட்டி உறுமியது. அசருக்குள் ஆட்டுக்காரருக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வியாழன் சட்டியில் போட இறைச்சி இல்லை. அட்டாளைச்சேனைக்கா, சாய்ந்தமருதுக்கா என்று பஸ்மிலா கைப்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் அருளம்பலம் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குறிப்பெடுக்க உசாந்தினி இருந்தாள், கதவடியில் கிசோக் நின்றார்.

ஸிராஜ் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாருங்க, திரை பொய் சொல்லாது. மனிசர்தான் பொய் சொல்லுவாங்க. எனக்கு எத்தினையோ பேர் வந்து 'நான் இன்னார்' எண்டு சொல்லியிரிக்காங்க. நான் ஒருத்தரையும் நம்பினதில்ல. அதனாலதான் இந்தக் கதிரையில பதினொரு வருசம் இரிக்கன். இந்தப் பதினொரு வருசத்தில எங்களுக்கு ஒரு முறைப்பாடு வந்ததில்ல. பாராட்டு மட்டும் முந்நூற்றிப் பதினேழு! தீவிலேயே முதலிடம். சரி, இவங்க அருளம்பலம் இல்லை எண்டு கடிதம் சொல்லுது. அருளம்பலம் பஸ்மிலா இல்லை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

ஸிராஜ் அருளம்பலத்தின் பக்கம் திரும்பினார். "நூறு சகனுக்கு எத்தின கிலோ அரிசி போடுவீங்க?"

முப்பத்துநாலு வருச சேவையில் அருளம்பலம் ஒரு கேள்வியையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. "பாஸ்மதியா, சம்பாவா சேர்?" என்று கேட்டார்.

ஸிராஜ் பேனையை மேசையில் வைத்துவிட்டு உசாந்தினியைப் பார்த்தார். உசாந்தினி 'சந்தேகத்துக்கிடமானது' என்று குறித்துக்கொண்டாள்.

"சேர், அல்லாஹ்வுக்காகக் கேக்கன்" என்றாள் பஸ்மிலா. "நாளைக்கு ஒரு புள்ளைட கலியாணம். எந்த வீடு எண்டு எனக்குத் தெரியா. திங்கள் பத்து மணிக்கு எடுத்த நம்பர் மட்டும் தாங்க. நான் இன்னொருக்கா இந்தப் பக்கம் வரமாட்டன்."

"அவசரப்பட வேணாம். அவதானிப்பம். கிசோக், இவங்கட லைனை ஒரு மணித்தியாலத்துக்கு என்ட மேசைக்குத் திருப்பி விடுங்க. பிழை இருந்தா என்ட கண்ணுக்குத் தெரியத்தானே வேணும்?"

கிசோக் திருப்பிவிட்டார். எல்லாரும் மேசைப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் குளிரூட்டிதான் பேசியது. பிறகு போன் அடித்தது.

ஸிராஜ் திரையைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் கதிரை பின்னால் விழ எழும்பினார். திரையில் 'பணிப்பாளர் நாயகம், தலைமையகம்' என்றிருந்தது. அலுவலகத்துப் பட்டியல் பதவி வரிசையில் போட்டது, முதலாவது பேர் வேறு எதுவாக இருக்கும்? கிசோக்குக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸிராஜ் ஒரு கையால் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, மறு கையால் போனை எடுத்தார். உசாந்தினி எழும்பினாள். பழைய பழக்கத்தில் அருளம்பலமும் எழும்பினார்.

"சேர்!... ஓம் சேர், நீங்கதான் சேர். உங்களைத் தெரியாமலா சேர்?... வியாழக்கிழமை. நல்லது சேர்... ஓம், எண்பது... எண்பது சகன் சேர்... அட்டாளைச்சேனைக்கு... பதினொரு மணிக்குள்ள... வட்டிலப்பம் தண்ணியா இருக்கப்படாது, விளங்குது சேர். போன முறை அப்படி நடந்ததுக்கு மன்னிக்கணும் சேர்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று பஸ்மிலா கத்தியே விட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அந்த அறை, அந்தச் சேர், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. கைப்போனை எடுத்துச் சப்ரிக்கு அடித்தாள். "அட்டாளைச்சேனை! எண்பது! இப்பவே ஆட்டுக்காரரிட்ட ஓடுங்க!"

ஸிராஜ் போனைப் பூப்போல வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பணிப்பாளர் நாயகம் நாளைக்கு அட்டாளைச்சேனைக்கு வாறார். எண்பது சகன் கேக்கார். ஏன் எதுக்கு எண்டு மேலிடத்த நாம கேக்கிற இல்ல." பிறகு பஸ்மிலாவைப் பார்த்தார். "நீங்க சகன் சமைக்கிற பஸ்மிலாதானே?"

அந்த நிமிடத்தில் பஸ்மிலா பஸ்மிலா ஆனாள். கடிதம் ஒன்றும் தேவைப்படவில்லை.

உண்மையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அருளம்பலம் மெல்லச் செருமினார். "மகள், மேலிடத்து உத்தரவு. நாங்க விளக்கம் குடுக்கப் போகப்படாது."

வியாழன் காலை பத்தரைக்கு அட்டாளைச்சேனைக் கலியாண வீட்டு வாசலில் ஏணி கட்டிய கூட்டுத்தாபன வான்கள் மூன்று வந்து நின்றன. சீருடை போட்ட தொழில்நுட்பக்காரர்கள் சகன் தட்டுகளைத் தோளில் ஏற்றி இறக்கினார்கள். உசாந்தினி வட்டிலப்ப இனிப்புக் கிண்ணங்களை எண்ணினாள். ஸிராஜ் கழுத்துப்பட்டியோடு, கை கழுவுகிற படிக்கத்தை ஒரு கையிலும் தண்ணீர்க் கெண்டியை மறு கையிலும் ஏந்திக்கொண்டு, பணிப்பாளர் நாயகத்தைத் தேடி வரிசை வரிசையாக நடந்தார். இப்படியொரு சேவையை ஊர் கண்டதில்லை. பஸ்மிலாவின் ஆட்கள் கழுத்துப்பட்டி கட்டித்தான் பரிமாறுவார்களாம் என்று பெண்கள் பக்கம் வரைக்கும் பேச்சுப் போனது.

மூன்றாவது சகனில் கலியாணப் பொம்பிளையின் பெரிய வாப்பா ஷரிபுதீன் ஹாஜியார் இருந்தார். வயல் வட்டைக்குள் நின்று உழவு மெசின்காரனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே குரல் கரகரத்துப்போன நிலக்காரப் போடியார். கண்ணூறுக்குப் பயந்து திகதியை மாற்றியவரும் அவர்தான்.

"தம்பி, தண்ணிய ஊத்துங்க."

ஸிராஜ் கெண்டியோடு விறைப்பாக நிமிர்ந்தார். அதே குரல்! "சேர்! இப்படிச் சாதாரணமாச் சாரனோட..."

"கலியாண வீட்டுக்குச் சாரன் உடுக்காம என்னத்த உடுக்கிற?"

என்ன எளிமை என்று ஸிராஜ் வியந்தார். தண்ணீரைப் பக்குவமாக ஊற்றிக்கொண்டே குனிந்தார். "எங்கட பிராந்தியத்தப் பற்றி உங்கட அபிப்பிராயம் சேர்?"

ஹாஜியார் கையை உதறினார். "சாப்பாட்டில குறையில்ல. போன்தான் சரியில்ல. நேத்து நான் பஸ்மிலாக்கு எடுக்கன், ஆரோ ஒரு விசரன் சேர் சேர் எண்டு தலைய உருட்டிறான். அந்தப் புள்ளைட லைன முதல்ல சரியாக்குங்க."

"இப்பவே சேர்" என்றார் ஸிராஜ். கெண்டியை வைத்துவிட்டுக் கிசோக்கை நோக்கி ஓடினார். பதின்மூன்று நாளாக இல்லாத பிழை, ஹாஜியார் வட்டிலப்பத்துக்குக் கை நீட்டுமுன் திருத்தப்பட்டது. வேலை முடிந்த கடதாசியில் ஸிராஜ் கையெழுத்துக் கேட்டபோது, நிக்காஹ் விசயமாக்கும் என்று நினைத்து ஹாஜியார் 'பணிப்பாளர் நாயகம்' என்ற இடத்துக்கு நேரே அழகாக வைத்துக்கொடுத்தார். அது இப்போது முகாமையாளரின் அறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதுக் கலியாணமும் குறையில்லாமல் முடிந்தது. பஸ்மிலா ஒரு சகனில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. திரையில் 'அருளம்பலம், பாண்டிருப்பு'. மறுபடியும் தொடங்கிவிட்டதா? மெல்ல எடுத்தாள்.

"வணக்கம். பாண்டிருப்பு அருளம்பலம் கதைக்கன்."

"ஐயா! நீங்கதானா? உண்மையான நீங்களா?"

"ஓம் மகள், நான்தான்." "வியாழனுக்குப் பிறகு எனக்கு ஒருத்தரும் எடுக்கல்ல. கொப்பியும் பேனையும் போனுக்குப் பக்கத்திலதான் கிடக்கு. லைனில ஏதும் பிழை வந்திட்டோ எண்டு ஒருக்காப் பார்க்கச் சொல்லன்."

பஸ்மிலா அடுப்பைத் தணித்தாள். முன் ஹோலிலும் பின்னறையிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை.

"இஞ்ச மூண்டு போன் கிடக்கு ஐயா, எடுக்கத்தான் ஆளில்ல" என்றாள். "கொப்பியக் கொண்டு வாங்க. தேத்தண்ணி ஊத்திறன்."